பீதி யாருக்கு?

கேள்வி: போர் வந்தாலும் விபத்து நடந்தாலும் அரசாங்கம் சில விஷயங்களை வெளியே சொல்லாமல் வைத்திருப்பது, மக்கள் பீதி அடையக் கூடாது என்பதற்காகத்தானே? செர்னோபில் காலத்திலிருந்து பார்க்கிறேன், அரசு எதைச் சொன்னாலும் நம்ப மாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. எங்கள் ஊர்ப் பக்கம் கூடங்குளத்திலும் அதேதான். இதை அறியாமை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?
(வாசகர் ஒருவர், வள்ளியூர்)

பதில்: செர்னோபிலை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். சரி, அங்கிருந்தே தொடங்குவோம்.

1986 ஏப்ரல் 26, சனிக்கிழமை. அன்றைய சோவியத் ஒன்றியத்தின் உக்ரைனில் இருந்த செர்னோபில் அணுமின் நிலையத்தில், அதிகாலை 1.23 மணிக்கு நான்காவது உலை வெடித்தது. சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளி பிரிப்யாத் நகரம். அணுமின் நிலையத்தில் வேலை பார்ப்பவர்களுக்காகவே கட்டிய ஊர், ஏறத்தாழ 49,000 பேர். விடிந்ததும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். கல்யாணம் நடந்தது. குழந்தைகள் வெளியில் விளையாடினார்கள். ஊரைக் காலி செய்யும் பேருந்துகள் புறப்பட்டது மறுநாள் பிற்பகலில், வெடித்து ஏறக்குறைய 36 மணி நேரம் கழித்து. தற்காலிகமாகத்தான் போகிறோம், அடையாள ஆவணங்களையும் கொஞ்சம் உணவையும் எடுத்துக்கொண்டால் போதும் என்றார்கள். அந்த ஊர் இன்றைக்கும் காலியாகத்தான் கிடக்கிறது.

நாட்டின் மற்ற மக்களுக்கு எப்போது தெரிந்தது? 28-ஆம் தேதி இரவு, தொலைக்காட்சிச் செய்தியில் சில வரிகளாக. அதுவும் தானாக வரவில்லை. அன்று காலை, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில், ஓர் ஊழியரின் காலணியில் ஒட்டியிருந்த கதிரியக்கத்தால் எச்சரிக்கை மணி அடித்தது. ஸ்வீடன்காரர்கள் முதலில் தங்கள் உலையில்தான் கசிவு என்று பயந்தார்கள். பிறகு காற்று எங்கிருந்து வந்தது என்று பார்த்து மாஸ்கோவைக் கேட்டார்கள். அதற்கப்புறம்தான் அந்தச் சில வரிகள். மே 1 அன்று, உலையிலிருந்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் இருக்கும் கீவ் நகரத்தில் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டு மே தின ஊர்வலம் நடத்தினார்கள். சோவியத் தலைவர் கோர்பச்சேவ் தொலைக்காட்சியில் மக்களிடம் பேசியது மே 14-இல்.

பீதி வரக் கூடாது என்பதற்காக என்கிறீர்கள். அந்த நாட்களில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். உலையிலிருந்து வெளியேறியவற்றில் அயோடின்-131 ஒன்று. அது எட்டு நாளில் பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் அதற்குள் புல்லில் படிந்து, மாட்டின் வயிற்றுக்குப் போய், பாலில் இறங்கி, குழந்தையின் தைராய்டு சுரப்பியில் போய்ச் சேர்ந்துவிடும். இதைத் தடுக்கப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. நேரத்துக்கு நல்ல அயோடினைக் கொடுத்துவிட்டால் சுரப்பி நிறைந்துவிடும், கெட்டது உள்ளே போக இடம் இருக்காது. அத்துடன், இந்தப் பாலைக் கொஞ்ச நாளைக்குக் குழந்தைக்குக் கொடுக்காதே என்று சொன்னால் போதும். அந்த ஒரு வாக்கியத்தைப் பல கிராமங்களில் உரிய நேரத்தில் யாரும் சொல்லவில்லை. அப்போது குழந்தைகளாகவும் பதின்ம வயதினராகவும் இருந்தவர்களில் 2005-க்குள் 6,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் கணிசமான பகுதிக்கு அந்த வாரங்களில் குடித்த பால்தான் காரணம் என்று ஐ.நா.வின் கதிர்வீச்சு அறிவியல் குழு சொல்கிறது. நல்லவேளையாக, இந்தப் புற்றுநோயில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

பக்கத்து நாட்டைப் பாருங்கள். போலந்திலும் கம்யூனிஸ்ட் ஆட்சிதான். விபத்து நடந்ததை மாஸ்கோ அவர்களிடமும் சொல்லவில்லை. 28-ஆம் தேதி அவர்களுடைய அளவீட்டு நிலையமே காற்றில் கதிர்வீச்சு ஏறுவதைக் கண்டது. மறுநாளே முடிவெடுத்து, அயோடின் கரைசலைப் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் கொடுக்க ஆரம்பித்தார்கள். சில நாட்களுக்குள் சுமார் ஒரு கோடிக் குழந்தைகள் குடித்துவிட்டார்கள். கறந்த பாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்றும் சொன்னார்கள். போலந்து அரசும் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிடவில்லை, அங்கேயும் தணிக்கை இருந்தது, மே தின ஊர்வலமும் நடந்தது. ஆனால் தாய்மார்கள் வீதியில் விழுந்து புரண்டார்களா? இல்லை. வரிசையில் நின்றார்கள். செய்ய ஒரு வேலையும் அதற்கான காரணமும் தெரிந்துவிட்டால் மனிதர்கள் பெரும்பாலும் அப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். உங்கள் ஊர்ப் பக்கம் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அதைப் பலரும் கவனிப்பதில்லை. மறைத்தது விபத்துக்குப் பிறகு மட்டும் அல்ல. விபத்துக்கே மறைப்பும் ஒரு காரணம்.

அந்த வகை உலையை நிறுத்த, கட்டுப்பாட்டுத் தண்டுகளை மேலிருந்து உள்ளே இறக்க வேண்டும். அந்தத் தண்டுகளின் கீழே கிராஃபைட் பகுதி இருந்தது. சில நிலைமைகளில் தண்டு இறங்கத் தொடங்கும்போது முதல் சில விநாடிகளுக்கு உலையின் அடிப்பகுதியில் சக்தி குறைவதற்குப் பதில் கூடும். பிரேக்கை மிதித்தவுடன் முதலில் சீறிப் பாய்ந்து அப்புறம் நிற்கிற வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். 1983-இல், அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்த லிதுவேனியாவின் இக்னாலினா நிலையத்தில் செய்த சோதனையில் இது தெரியவந்தது. அதற்கு முன்பே, 1975-இல், லெனின்கிராட் நிலையத்தில் இதே வகை உலையில் ஒரு விபத்து நடந்து ரகசியமாக மூடப்பட்டிருந்தது. செர்னோபிலில் அன்றிரவு அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தியவர்களிடம் இதன் ஆபத்தை யாரும் எடுத்துச் சொல்லியிருக்கவில்லை. பிறகு பழி யார் மேல் விழுந்தது? 1986 ஆகஸ்டில் வியன்னாவில் உலக நிபுணர்கள் முன் சோவியத் குழு கொடுத்த அறிக்கை, ஊழியர்கள் விதிகளை மீறியதைத்தான் முன்னால் நிறுத்தியது. ஊழியர்களின் தவறுகளும் இருந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் உலையின் வடிவமைப்புக் குறைகளுக்கு உரிய இடத்தைக் கொடுத்து சர்வதேச அணுசக்தி முகமையின் குழு தன் முடிவைத் திருத்தியது 1992-இல்தான். அதற்குள் சோவியத் ஒன்றியமே இல்லை.

போர்க்காலத்துக்கு வருகிறேன். படை எந்தப் பக்கம் நகர்கிறது, எந்த இரவில் தாக்கப்போகிறது என்பதையெல்லாம் மறைக்கத்தான் வேண்டும். அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. நான் கேட்பது, யாரிடமிருந்து மறைத்தார்கள் என்று.

1957 செப்டம்பரில் யூரல் பகுதியில் மயாக் என்ற அணு ஆயுத ஆலையில் கழிவுத் தொட்டி வெடித்தது. அமெரிக்க உளவுத்துறைக்கு அது தெரிந்திருந்தது என்பது 1970-களில் வெளியான அவர்களுடைய ஆவணங்களிலேயே இருக்கிறது. அவர்களும் வெளியே சொல்லவில்லை. சோவியத் அரசு ஒப்புக்கொண்டது 1989-இல். அதே ஆலை 1949 முதல் சில ஆண்டுகள் தன் கழிவைத் தெச்சா ஆற்றில் விட்டிருக்கிறது. கரையோரக் கிராமத்தார் அந்த ஆற்றில் குளித்தார்கள், மீன் பிடித்தார்கள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்கள். எதிரி நாட்டுக்குத் தெரிந்த விஷயம் சொந்த ஜனத்துக்குத் தெரியாது. இதில் எந்தப் பாதுகாப்பு ரகசியம் காப்பாற்றப்பட்டது?

1979-இல் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரத்தில் ராணுவ ஆய்வுக்கூடத்திலிருந்து ஆந்த்ராக்ஸ் கிருமி காற்றில் கசிந்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கெட்டுப்போன இறைச்சி சாப்பிட்டதால் என்றது அரசு. 1992-இல் ரஷ்ய அதிபர் எல்த்சின் உண்மையை ஒப்புக்கொண்டார். விபத்து நடந்த காலத்தில் அந்த வட்டாரத்தின் கட்சித் தலைவராக இருந்தவரே அவர்தான்.

அதே 1979 டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குச் சோவியத் படை போனது. பத்திரிகைகள் அதைப் போர் என்று எழுதவில்லை. ‘வரம்புக்குட்பட்ட படைப்பிரிவு’ என்று எழுதின. நம் பையன்கள் அங்கே பள்ளிக்கூடம் கட்டுகிறார்கள், மரம் நடுகிறார்கள் என்று படம் போட்டன. பையன்கள் ‘சரக்கு 200’ என்ற குறிப்போடு (இறந்த வீரரின் உடல் என்பதற்கு ராணுவத்தின் சங்கேதச் சொல்), மூடி ஒட்டிய துத்தநாகப் பெட்டிகளில் வீடு திரும்பினார்கள். பெட்டியைத் திறந்து முகம் பார்க்க முடியவில்லை. எத்தனை பேர் இறந்தார்கள் என்ற எண்ணிக்கையை அரசு முதன்முதலாக வெளியிட்டது 1988-இல், படை திரும்பத் தொடங்கியபோது. பதின்மூவாயிரத்துச் சொச்சம். பிற்பாடு கணக்கு பதினைந்தாயிரத்தை ஒட்டி வந்தது. ஆப்கன் போராளிகளுக்கா இந்த எண் தெரியாமல் இருந்தது? எந்தத் தெருவில் எத்தனை பெட்டி இறங்கியது என்று ஒரு தாய் இன்னொரு தாயிடம் சொல்லிச் சொல்லித்தான் அந்த நாடு தன் போரைத் தெரிந்துகொண்டது. படைவீரர்களின் தாய்மார்கள் 1989-இல் அங்கே ஓர் அமைப்பே தொடங்கினார்கள். அவர்களை அறியாமைக் கூட்டம் என்று உங்களால் சொல்ல முடியுமா?

அது அந்தக் காலம், அந்த ஆட்சி என்று தள்ளிவிடவும் முடியவில்லை. 2000 ஆகஸ்டில் ரஷ்யாவின் கூர்ஸ்க் நீர்மூழ்கிக் கப்பல் 118 பேரோடு பேரண்ட்ஸ் கடலில் மூழ்கியது. வெளியே அறிவிக்க இரண்டு நாள். வெளிநாட்டு உதவியை ஏற்க நான்கு நாள். காரணம் கேட்டால் வெளிநாட்டுக் கப்பல் மோதியிருக்கலாம் என்றார்கள். வெடித்தது அவர்களுடைய டார்பிடோதான். வெடிப்புக்குப் பிறகும் 23 பேர் பின்பகுதி அறையில் உயிரோடு இருந்தார்கள், அவர்களில் ஓர் அதிகாரி இருட்டில் எழுதிய குறிப்பு பிறகு கிடைத்தது. 2022 ஏப்ரலில் மஸ்க்வா போர்க்கப்பல் மூழ்கியபோது, ஆட்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டுவிட்டார்கள் என்றது பாதுகாப்பு அமைச்சகம். என் மகன் எங்கே என்று பெற்றோர்கள் இணையத்தில் கேட்கத் தொடங்கினார்கள். ஒரு வாரம் கழித்து, ஒருவர் இறந்தார், 27 பேரைக் காணவில்லை என்று அறிவிப்பு வந்தது.

நம்பாமல் இருப்பதால் கேடு இல்லை என்று நான் சொல்லவில்லை. பெரிய கேடு. செர்னோபிலுக்குப் பிறகு, கதிர்வீச்சு குறைவாக இருந்த ஊர்களில் ‘பயப்பட வேண்டாம்’ என்று மருத்துவர்கள் உண்மையாகவே சொன்னபோதும் ஜனங்கள் நம்பவில்லை. அந்தப் பயமும் மன உளைச்சலும் எத்தனையோ குடும்பங்களைச் சிதைத்தன. அதிகாரிகள் அதற்கு ‘கதிர்வீச்சுப் பயம்’ என்று ஒரு நோயின் பெயரைச் சூட்டி, பழியை மக்கள் மேலேயே போட்டார்கள். 2020 ஆகஸ்டில் உலகிலேயே முதலாவதாகக் கொரோனா தடுப்பூசியைப் பதிவு செய்த நாடு ரஷ்யா. மறு ஆண்டிலும், போட்டுக்கொள்ள விருப்பமில்லை என்று கருத்துக்கணிப்புகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்னார்கள். அதனால் போன உயிர்கள் கொஞ்சமல்ல. ஆனால் அந்த அவநம்பிக்கை ஒரே நாளில் முளைத்ததா? பாட்டி தெச்சா ஆற்றைப் பார்த்தவள். அம்மா கீவ் ஊர்வலத்துக்கு அனுப்பப்பட்டவள். அண்ணன் துத்தநாகப் பெட்டியில் வந்தவன். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளையிடம் போய், இப்போது சொல்வது நிஜம், நம்பு என்றால்?

கூடங்குளம் பற்றிக் கேட்டீர்கள். ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் அதற்கு ஒப்பந்தம் போட்டது 1988 நவம்பரில், செர்னோபில் நடந்து இரண்டரை ஆண்டில். அங்கே இருப்பது செர்னோபில் வகை உலை அல்ல. அதன் வடிவமைப்பே வேறு, மேலே காப்புக் கட்டடம் உண்டு. அதையும் இதையும் ஒன்றாக்கிப் பேசுவது தவறு, போராட்ட மேடைகளில் அப்படிப் பேசியவர்களுக்கும் இதையே சொல்வேன். ஆனால் 2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த, 2004 சுனாமியைத் தன் வாசலிலேயே பார்த்த கடற்கரை ஜனம் கேள்வி கேட்டபோது கிடைத்தது என்ன? ‘நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள், பாதுகாப்பானது’ என்ற வாக்கியமும், ஆயிரக்கணக்கானவர்கள் மேல் வழக்குகளும். உலையின் பாதுகாப்பு ஆய்வு அறிக்கையையும் இட ஆய்வு அறிக்கையையும் கொடுக்கச் சொல்லி 2012-இல் மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்டது. நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம் பாதுகாப்பு ஆய்வு அறிக்கையைக் கொடுக்காமல் நீதிமன்றத்துக்குப் போனது.

அப்புறம் 2019 அக்டோபர். நிலையத்தின் கணினியில் தீநிரல் (மால்வேர்) புகுந்துவிட்டது என்று செய்தி பரவியதும், அது பொய்த் தகவல், உலையின் கட்டுப்பாட்டு அமைப்பின் மேல் சைபர் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்று நிலையத்திலிருந்து அறிக்கை வந்தது. அடுத்த நாளே, ஆமாம், நிர்வாகப் பிரிவின் கணினி ஒன்றில் தீநிரல் இருந்தது, உலையைக் கட்டுப்படுத்தும் அமைப்போடு அதற்குத் தொடர்பில்லை என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. விஷயம் செப்டம்பர் தொடக்கத்திலேயே அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தது. உலைக்கு ஆபத்தில்லை என்ற இரண்டாவது அறிக்கையை நான் நம்புகிறேன். முதல் அறிக்கையை எதற்காக வெளியிட்டார்கள்? வள்ளியூரில் இருக்கும் நீங்கள் இந்தக் கேள்வியை என்னைவிட உரிமையோடு கேட்கலாம்.