கன்சல்டன்ட் கேட்கும் 30,000 டாலரைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் பிறந்தவன். சின்ன வயதில் எங்களோடு கோவைக்கு வந்துவிட்டு, கல்லூரிக்காக நியூ ஜெர்சி திரும்பினான். 19 வயதில் கொஞ்சம் கஞ்சா வைத்திருந்ததாகப் பிடிபட்டு, நகர நீதிமன்றத்தில் அபராதம் கட்டினான். எங்களுக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். இப்போது 31 வயது, நியூவார்க்கில் இருக்கிறான். சட்டப்படி ஒரு சிறிய கஞ்சாக் கடை திறக்க விரும்புகிறான். பழைய வழக்கு இருப்பதால் 'சமூக சமத்துவ' உரிமம் ஆறு மாதத்தில் கிடைத்துவிடும் என்கிறார் ஒரு கன்சல்டன்ட். கட்டணம் 30,000 டாலர். 49 சதவீதப் பங்குக்குப் புளோரிடாவிலிருந்து ஒரு முதலீட்டாளரையும் அவரே கூட்டி வருகிறார். முன்பணமாக 2,500 கொடுத்துவிட்டோம். ஊரில் இடம் விற்ற பணம் 80,000 டாலரை நான் கடையில் போடலாம் என்றிருக்கிறேன். (எனக்கும் மனைவிக்கும் மகன் மூலம் வந்த கிரீன் கார்டு. அடுத்த வருடம் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.) நம்பி உதவி கேட்க வேறு யாராவது இருக்கிறார்களா?

பதில்: இருக்கிறார்கள், இலவசமாகவே. ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கும் விஷயம்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கன்சல்டன்ட்.

அவர் சொன்ன முதல் விஷயமே தவறு. நியூ ஜெர்சியில் பழைய தண்டனையைக் காட்டி சமூக சமத்துவத் தகுதி (கஞ்சாச் சட்டங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உரிமத்தில் தரும் முன்னுரிமை) பெற வேண்டுமென்றால், கஞ்சா தொடர்பான சிறு குற்றத் தண்டனை குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இல்லையென்றால் மேல் நீதிமன்றம் போகிற அளவுக்குப் பெரிய குற்றத்தில் ஒன்று. நகர நீதிமன்றத்தில் அபராதத்தோடு முடிந்தது என்றால் அது அநேகமாகச் சிறு குற்றம்தான், அதுவும் ஒன்றே ஒன்று. போதாது. இது மாநிலக் கஞ்சா ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியில் வெளிப்படையாக இருக்கிறது. அவருக்குத் தெரியாது என்றால் 30,000 டாலர் கேட்க அவருக்கு அருகதை இல்லை. தெரிந்தே சொல்லியிருந்தால் அதற்கு வேறு பெயர்.

மனம் விட வேண்டாம், வேறு வழிகள் உண்டு. பின்தங்கிய பகுதி என்று ஆணையம் பட்டியலிட்ட இடத்தில் கடந்த 10 வருடத்தில் 5 வருடம் வாழ்ந்து, வருமானமும் வரம்புக்குள் இருந்தால் அதுவும் சமூக சமத்துவத் தகுதிதான். நியூவார்க்கில் மகன் எந்தெந்த முகவரியில் எவ்வளவு காலம் இருந்தான் என்று பழைய வாடகை ஒப்பந்தங்களைத் தோண்டிப் பாருங்கள். அதுவும் ஒத்துவரவில்லையா? இந்திய வம்சாவளி என்பதால் சிறுபான்மையினர் நடத்தும் தொழில் என்று மாநிலத்திடம் சான்றிதழ் வாங்கலாம். விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் வரிசையில் அது இரண்டாம் முன்னுரிமை. கன்சல்டன்ட் இதை ஏன் சொல்லவில்லை? இதில் சம்பாதிக்க ஒன்றுமில்லை, அதனால்தான்.

ஒருவேளை இரண்டாவது வழக்கு ஏதாவது இருந்து உங்களிடம் மறைத்திருந்தால், இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்தில் அது லாபம்! 2021 ஜூலைக்குப் பிறகு நீதிமன்றங்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கஞ்சா வழக்குகளைத் தாமாகவே பதிவிலிருந்து நீக்கின. நீக்கப்பட்ட தண்டனையும் தகுதிக்குச் செல்லும். ஆனால் இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும். ஒரு கை அழிக்கிறது, இன்னொரு கை அழித்ததைக் கொண்டுவா என்கிறது. இந்தக் காகிதத்துக்காக என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் அலைகிற அலைச்சலைப் பார்த்தால், பாதிக்கப்பட்டவர்களுக்கு நீதி என்று சொல்லிச் சட்டம் போட்டவர்கள் ஒரு நாளாவது நகர நீதிமன்ற ஜன்னலில் வரிசையில் நின்றிருக்கிறார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

சரி, இலவச உதவிக்கு வருவோம். மாநில அரசின் வணிக உதவி மையம் 'நியூ ஜெர்சி கேன்னபிஸ் டிரெயினிங் அகாடமி' என்று ஒரு இணையப் பயிற்சி நடத்துகிறது. 2024 தொடக்கத்திலிருந்து நடக்கிறது, கட்டணம் கிடையாது. உரிம வகைகள், விண்ணப்பம், தொழில் திட்டம், பணம் திரட்டுவது என்று ஆரம்பத்திலிருந்து சொல்லித் தருகிறார்கள். மகன் அதில் இன்றே சேரட்டும். அடுத்தது, உரிமம் தருகிற கஞ்சா ஒழுங்குமுறை ஆணையத்துக்குள்ளேயே இருக்கும் பன்முகத்தன்மை அலுவலகம். சிறுபான்மையினரும் பெண்களும் மாற்றுத்திறனாளிகளான முன்னாள் ராணுவத்தினரும் இந்தத் தொழிலுக்குள் வர உதவத்தான் அது வைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிறார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். ஆனால் கேள்வியை எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் ஒருவர் சொன்னதை மறுநாள் இன்னொருவர் மாற்றிச் சொன்னால், உங்கள் கையில் ஒரு மின்னஞ்சலாவது இருக்க வேண்டும்.

மத்திய அரசின் சிறுதொழில் கடன், அந்தப் பணத்தில் நடக்கும் சிறுதொழில் மையங்கள் பக்கம் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். மத்தியச் சட்டத்தில் கஞ்சா குற்றம். அதனால் கைவிரித்துவிடுவார்கள். மானியம் என்று யாராவது ஆசை காட்டினால், இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாநிலப் பொருளாதார மேம்பாட்டு ஆணையத்தின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். முடிந்துபோன மானியத்தைக் காட்டிக் கட்டணம் வாங்குவது புரோக்கர்களின் பழைய வித்தை.

இப்போது 30,000 டாலரையும் உண்மைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிபந்தனை உரிமத்துக்கு, அதாவது பிறகு ஆண்டு உரிமமாக மாற்றிக்கொள்ளும் முதல்கட்ட உரிமத்துக்கு, விண்ணப்பிக்கக் கஞ்சா ஆணையம் முதலில் வாங்குவது 100 டாலர். ஒப்புதல் கிடைத்தால்தான் மீதி 400. அந்தக் கட்டத்தில் கடைக்கு இடமும் தேவையில்லை, ஊரின் ஒப்புதலும் தேவையில்லை. வருமானம் தனியாளாக 200,000 டாலருக்குள் இருக்க வேண்டும். படிவம் நீளம், உண்மை. ஆனால் வீட்டு வரிப் படிவத்தைப் பொறுமையாக நிரப்புகிறவர் இதையும் நிரப்பிவிடலாம். ஆறு மாதத்தில் உரிமம் என்று உத்தரவாதம் கொடுக்க ஆணையத்துக்கே முடியாது.

உங்கள் மகனுக்கு ஏற்றது குறுந்தொழில் உரிமம் என்பேன். பத்துப் பேருக்கு மேல் வேலைக்கு வைக்கக் கூடாது, 2,500 சதுர அடிக்கு மேல் இடம் கூடாது. ஆண்டுக் கட்டணம் 1,000 டாலர். முழு அளவுக் கடைக்கு அது 10,000. ஆனால் ஒரு விதி: குறுந்தொழிலின் உரிமையாளர்கள் அத்தனை பேரும் குறைந்தது இரண்டு வருடமாக நியூ ஜெர்சியில் வசிக்க வேண்டும். புளோரிடாக்காரர் உள்ளே வந்த நிமிடமே அந்தக் கதவு மூடிவிடும். அந்த முதலீட்டாளர் யாருக்காக வருகிறார் என்று இப்போது யோசியுங்கள்.

இந்த 51-49 கதையை நான் நிறையப் பார்த்துவிட்டேன். காகிதத்தில் பையனுக்கு 51. ஒப்பந்தத்தின் பதினெட்டாம் பக்கத்தில், 49 சதவீதக்காரர் சம்மதம் இல்லாமல் வங்கிக் கணக்கைத் தொட முடியாது, ஆள் எடுக்க முடியாது என்று இருக்கும். மாதாமாதம் நிர்வாகக் கட்டணம் அவருடைய இன்னொரு கம்பெனிக்குப் போகும். கடன் தவணை ஒன்று தவறினாலும் பங்கை அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை அவருக்கு இருக்கும். பையனின் முகமும் பழைய வழக்கும்தான் அவர்களுக்கு வேண்டியது. கடை அவர்களுடையது. என்னிடம் வந்த ஓர் இளைஞர், தன் கடைக்குள் நுழையவே மேனேஜரிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார். ஆணையம் இதைக் கண்டுபிடித்தால் உரிமத்துக்கே ஆபத்து, பெயர் கெடுவதும் பையனுக்குத்தான். ஆகவே செலவு செய்ய விரும்பினால் இங்கே செய்யுங்கள்: கூட்டாளி யாராக இருந்தாலும், கையெழுத்துக்கு முன்னால் கஞ்சாத் தொழில் ஒப்பந்தம் பார்த்துப் பழகிய வழக்கறிஞரிடம் மணிக்கணக்கில் கட்டணம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அந்த வழக்கறிஞரை முதலீட்டாளரோ கன்சல்டன்டோ அறிமுகப்படுத்தியிருக்கக் கூடாது.

நிபந்தனை உரிமம் கிடைத்த பிறகுதான் உண்மையான சோதனை. அதை ஆண்டு உரிமமாக மாற்ற ஊர் நிர்வாகத்தின் ஆதரவுத் தீர்மானம் வேண்டும். 2021இல் கேட்டபோது மாநிலத்தின் பெரும்பாலான ஊர்கள் வேண்டாம் என்றுவிட்டன. அனுமதித்த ஊர்களிலும் எத்தனை கடை, எந்தத் தெரு என்று ஆயிரம் கட்டுப்பாடு. மாநிலம் கொடுத்த முன்னுரிமைக்கு நகர சபையில் மதிப்பில்லை. அதனால் தீர்மானம் வருவதற்கு முன்னால் இடத்தை வாடகைக்கு எடுத்து மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்காதீர்கள். ஒப்புதல் வந்தால்தான் வாடகை தொடங்கும் என்று எழுதி வாங்குங்கள். சம்மதிக்காத வீட்டுக்காரரை விட்டுவிடுங்கள். அந்த இடத்தின் மேல் வங்கிக் கடன் இருந்தால், வங்கி இந்தத் தொழிலை அனுமதிக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

நான் கணக்காளன், வரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. மத்திய வரிச் சட்டத்தின் 280இ பிரிவு பொருந்தும்வரை, கஞ்சாக் கடைக்காரர் சரக்கு வாங்கிய விலையைத்தான் கழிக்கலாம். வாடகை, சம்பளம், மின்சாரம் எதையும் கழிக்க முடியாது. 500,000 டாலருக்கு விற்பனை, சரக்கு 300,000, மற்ற செலவு 180,000 என்று வையுங்கள். கையில் நிற்பது 20,000. ஆனால் வரி கணக்கிடுவது 200,000 டாலருக்கு. கம்பெனி வரி 21 சதவீதம் என்றால் 42,000 டாலர். லாபத்தைவிட வரி இரண்டு மடங்கு! கன்சல்டன்ட் கொடுத்த தொழில் திட்டத்தில் இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள்.

இனி அடைப்புக்குறிக்குள் போட்ட விஷயம். ஐயா, உங்கள் மகன் பிறப்பால் சிட்டிசன். அவன் கடை வைக்கலாம். நீங்களும் அம்மாவும் சிட்டிசன் இல்லை. குடிவரவுச் சட்டம் மத்தியச் சட்டம். அதன் கண்ணில் மாநில உரிமத்தோடு நடக்கும் கஞ்சாக் கடையும் கடத்தல்தான். கஞ்சாத் தொழிலில் ஈடுபட்டவருக்கு, மாநிலம் அனுமதித்திருந்தாலும், குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தை இல்லை என்று முடிவு செய்யலாம் என 2019 ஏப்ரலில் குடியுரிமைத் துறை எழுத்திலேயே சொல்லிவிட்டது. வழக்கு, தண்டனை எதுவும் தேவையில்லை. விண்ணப்ப நேர்காணலில் நீங்கள் சொல்லும் பதிலே போதும். அதைவிட மோசம், ஊருக்குப் போய்த் திரும்பும்போது விமான நிலையத்தில் கேள்வி வரலாம். கிரீன் கார்டே ஆடும்.

'பங்கு வேண்டாம், கடனாகக் கொடுக்கிறேன்' என்பீர்கள். கடையில் போடும் பணம் எங்கிருந்து வந்தது என்று ஆணையம் கேட்கும், உங்கள் பெயர் அரசுக் காகிதத்தில் ஏறும். 'மனைவி பெயரில்?' அவருக்கும் அதே கிரீன் கார்டுதான். 'மகனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டால்?' எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுப்பதை அன்பளிப்பு என்று எழுதிவிட்டால் மட்டும் அது மாறிவிடாது. 'சும்மா கல்லாவில் உட்கார்ந்து உதவுகிறேன்' என்பதும் கூடாது, சம்பளம் வாங்காவிட்டாலும். கஞ்சாவை மத்திய அரசு கடுமை குறைந்த மூன்றாம் பட்டியலுக்கு மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். 280இ தொல்லை போகும், உங்கள் தொல்லை போகாது. மூன்றாம் பட்டியலில் இருப்பதும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்தான், குடிவரவுச் சட்டம் பார்ப்பது அதைத்தான். நீங்கள் சிட்டிசன் ஆகும்வரை அந்த 80,000 டாலர் வங்கியில் தூங்கட்டும். மகன் தன் சேமிப்பில், தன் வேகத்தில் தொடங்கட்டும். குறுந்தொழிலைச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொடுத்த 2,500 டாலரைத் திரும்பக் கேளுங்கள். தகுதி பற்றித் தவறாகச் சொல்லி வாங்கியிருக்கிறார் என்று மகன் பெயரில் மின்னஞ்சல் போகட்டும், பதில் தரப் பத்து நாள் அவகாசம் கொடுங்கள். தராவிட்டால் மாநில நுகர்வோர் விவகாரப் பிரிவில் புகார் கொடுக்கலாம். அதற்கு முன்னால் ஒன்று: அந்தச் செக் யார் கணக்கிலிருந்து போனது? உங்கள் கணக்கு என்றால் புகாரை நிறுத்தி வையுங்கள். முதலில் ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள், செக்கின் நகலையும் கொண்டுபோங்கள்.