அடுப்புப் புகையைக் காட்டிக் கரிமூட்டப் புகை தப்ப முடியாது

கேள்வி: எங்களுடையது சாயல்குடியை அடுத்த கடற்கரைக் கிராமம். கணவர் நாட்டுப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர். ஊருக்கு வடக்கே, கூப்பிடு தூரத்தில், ஒரு பட்டா நிலத்தில் தை பிறந்ததிலிருந்து கரிமூட்டம் (கரி எடுக்க விறகை மண்ணால் மூடி வேகவைப்பது) போடுகிறார்கள். ஒன்று அவிந்தால் அடுத்ததைப் பற்றவைக்கிறார்கள். ஆறு வயது மகளுக்கு இரவில் இளைப்பு வருகிறது. மாமியாருக்கும் இருமல் கூடிவிட்டது. மூட்டக்காரரிடம் கேட்டால், "உங்கள் வீட்டு விறகடுப்புதான் காரணம், முதலில் அதை அணையுங்கள்" என்கிறார். நாங்கள் விறகில் சமைப்பது உண்மைதான். ஊரில் சிலர் அங்கே கூலிக்குப் போவதால் பெரியவர்கள் பேசாமல் இருக்கச் சொல்கிறார்கள். நாங்கள் வழக்குப் போட முடியுமா? மருத்துவச் செலவைக் கேட்க முடியுமா? — ஒரு வாசகி

பதில்: சகோதரி, இரண்டும் முடியும். விறகடுப்பு இருப்பதால் உங்கள் உரிமை போய்விடாது. ஆனால் எதிர்த்தரப்பு நாளைக்கு நீதிமன்றத்தில் எழுப்பப்போவதும் அந்த அடுப்பைத்தான். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒருவர் செய்த தீங்குக்கு அவர் மட்டுமே முழுக் காரணமாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. அவருடைய செயலுக்கு அதில் கணிசமான பங்கு இருந்தால் போதும். குழந்தையின் நுரையீரல் ஏற்கெனவே மெலிந்திருந்தது என்பதும் அவருக்கு விடுதலை தராது. பலவீனமான உடலைப் பாதித்தவர், அந்த உடல் இருந்த நிலையிலேயே அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது பிறருக்குச் செய்த தீங்குக்கு இழப்பீடு பெறுவதற்கான தீங்கியல் சட்டத்தின் பழைய கோட்பாடு. இழப்பீட்டுத் தொகை வேண்டுமானால் குறையலாம், பொறுப்பு மறையாது.

அதே நேரம், அடுப்புப் புகை ஒன்றும் செய்யாது என்று வாதாடாதீர்கள். அது உண்மையல்ல. 2020ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுக்குள் எழும் புகையால் உலகம் முழுவதும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. விறகு எரியும்போது வரும் 2.5 மைக்ரானுக்கும் குறைவான துகள் நுரையீரலின் அடிவரை போகும். மூடிய அறையில் ஏற்றும் கொசுவர்த்திச் சுருளும் இதே வேலையைத்தான் செய்கிறது. மருத்துவரிடம் போகும்போது அடுப்பு, சுருள், மூட்டம் மூன்றையும் சொல்லுங்கள். ஓ.பி. சீட்டில் அவர் மூன்றையும் எழுதட்டும். மறைத்த விஷயம் குறுக்கு விசாரணையில் வெளிப்பட்டால் மீதி உண்மையையும் அது விழுங்கிவிடும். நீங்களாகவே சொன்ன உண்மை உங்கள் சாட்சியத்துக்கு வலுவாக நிற்கும்.

இரண்டு புகையையும் பிரித்துக் காட்டும் வேலையை நீங்களே செய்ய வேண்டும். அதற்கு ஆய்வகம் தேவையில்லை, ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மூட்டம் பற்றவைத்த தேதி, அவிந்த தேதி, அன்றைய காற்று, மகளுக்கு இளைப்பு வந்த நேரம், நீங்கள் அடுப்பு பற்றவைத்த நேரம் ஆகியவற்றை அன்றன்றைக்கே எழுதுங்கள். காற்றைப் பற்றி உங்கள் கணவருக்குத் தெரியாததை நான் சொல்லிவிட முடியாது. மூட்டம் வடக்கே இருக்கிறது, கடல் தெற்கே. வாடை வீசும் மாதங்களில் புகை நேராக ஊருக்குள் வரும். மற்ற மாதங்களிலும் இரவில் கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று திரும்பும்போது அதே பாதையில்தான் வரும். இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து கிடப்பதால் புகை மேலே எழும்பாமல் தாழ்ந்தே நகரும். குழந்தைக்கு இரவில் இளைப்பதற்கு இது ஒரு வலுவான விளக்கம். ஏனென்றால் அந்த நேரத்தில் உங்கள் அடுப்பு அணைந்து பல மணி நேரம் ஆகியிருக்கும்.

புகையின் நிறத்தையும் குறியுங்கள். பற்றவைத்ததும் வரும் வெண்புகையில் பெரும்பகுதி விறகின் ஈரம். பிறகு மஞ்சளாகக் கனத்து, கண்ணை எரிக்கும். மெல்லிய நீலமாக மாறினால் கரி வெந்துவிட்டது என்று மூட்டம் போடுபவர்களே சொல்வார்கள். விறகை அடுக்கி, தழை பரப்பி, மண் பூசி, காற்றை வேண்டுமென்றே அடக்கி வேகவைப்பதுதான் மூட்டம். காற்றில்லாமல் அரைகுறையாக எரிவதால் கார்பன் மோனாக்சைடும் தாரும் நுண்துகளும் மிகுதியாக வரும். அதுவும் இரவு பகலாகப் பல நாட்களுக்கு வரும். வீட்டடுப்பு எரிவது சில மணி நேரம்தான். இந்த வேறுபாட்டை மனுவில் இரண்டே வரியில் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் விட வலுவான சாட்சியம் அக்கம்பக்கத்தில் இருக்கிறது. உங்கள் ஊரில் எரிவாயு அடுப்பு வைத்திருக்கும் வீடுகளில் பிள்ளைகளுக்கு இருமல், இளைப்பு, கண் எரிச்சல் இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கேயும் இருந்தால், அதுவும் மூட்டம் எரியும் நாட்களில் கூடினால், மூட்டக்காரரின் வாதம் அங்கேயே முடிந்துவிடும். அந்த வீட்டுக்காரர்கள் உங்கள் மனுவில் முதல் கையெழுத்துப் போடட்டும்.

கையெழுத்துகள் இன்னொரு காரணத்துக்கும் தேவை. நீங்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு போலீஸ் நிலையமோ சிவில் நீதிமன்றமோ அல்ல, வருவாய்க் கோட்டத்தின் நிர்வாக நடுவரான கோட்டாட்சியர். கடலாடி வட்டம் பரமக்குடி கோட்டத்தில் வருவதால் மனு அங்கே போக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு, ஊர் மக்களின் உடல்நலத்துக்குக் கேடான தொழிலை நிறுத்தவோ, அகற்றவோ, ஒழுங்குபடுத்தவோ உத்தரவிடும் அதிகாரத்தை அவருக்குத் தருகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவுதான் இது. ஒரு வீட்டின் தொல்லைக்கு இது பொருந்தாது. ஊராருக்குத் தொல்லை என்று காட்ட வேண்டும், கையெழுத்துகள் அதற்குத்தான். 1980இல் ரத்லாம் நகராட்சி வழக்கில் சாக்கடை நாற்றத்தில் வாழ்ந்த மக்கள் இதே பிரிவைப் பிடித்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார்கள்.

இந்தப் புதிய சட்டத்தில் ஒரு நல்ல மாற்றம் உண்டு. எதிர்த்தரப்பு ஆட்சேபித்து விசாரணை நடந்தால் அதை 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும், காரணம் எழுதி 120 நாட்கள் வரை நீட்டலாம் என்கிறது 157ஆம் பிரிவு. உடனடி ஆபத்து இருந்தால் விசாரணை முடியும்வரை இடைக்காலத் தடையும் கேட்கலாம். மகளை நெபுலைசர் வைக்க மருத்துவமனைக்குக் கொண்டுபோன சீட்டுகள் இருந்தால் மனுவோடு இணையுங்கள். உத்தரவை மீறி மனித உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து உண்டாக்கினால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 223ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம்.

மனுவில் என்ன கேட்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். "மூட்டத்தை ஒழியுங்கள்" என்று எழுதினால் கூலிக்குப் போகும் குடும்பங்கள் உங்களுக்கு எதிரே நிற்கும். அந்தப் புகையை எல்லோரையும் விட அதிகமாக விழுங்குபவர்களே அவர்கள்தான். "குடியிருப்பிலிருந்து போதிய தூரத்துக்கு மாற்ற வேண்டும், அதுவரை புதிய மூட்டம் போடக் கூடாது" என்று கேளுங்கள். அவர்களுடைய பிழைப்பும் போகாது, ஊர்ப் பெரியவர்களும் எதிர்க்கக் காரணம் இருக்காது.

மூட்டக்காரர் இன்னொன்றும் சொல்லக்கூடும். சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது, நான் அதைத்தானே வெட்டுகிறேன் என்பார். மரத்தை வெட்டலாம் என்பது, வெட்டியதை ஊர் வாசலில் வேகவைக்கலாம் என்று ஆகாது. தொழிலால் ஊருக்கு வருமானம் வருகிறது என்பதும் எடுபடாது. ஏதோ ஒரு வசதியோ நன்மையோ தருகிறது என்பதால் பொதுத் தொல்லை மன்னிக்கப்படாது என்று நியாய சன்ஹிதாவின் 270ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது.

இதற்கிடையில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டு விண்ணப்பம் போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாட்களில் பதில் வர வேண்டும். ஒன்று ஊராட்சி ஒன்றியத்துக்கு: அந்த நில அளவை எண்ணில் மூட்டம் போட உரிமம் தரப்பட்டதா? மற்றொன்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு: 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின் கீழ் வாரியம் தரும் அனுமதியான இசைவாணை இருக்கிறதா? "இல்லை" என்று வரும் ஒற்றை வரிப் பதில் உங்கள் வழக்கில் பாதி வேலையை முடித்துவிடும்.

மருத்துவச் செலவுக்கு நிர்வாக நடுவரால் எதுவும் தர முடியாது. அதற்குச் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னையில் உள்ள தென் மண்டல அமர்வுக்குத்தான் போக வேண்டும். சிவில் நீதிமன்றத்தில் கேட்டால், இது தீர்ப்பாயத்துக்கு உரியது என்ற ஆட்சேபத்திலேயே வருடங்கள் போய்விடும். கேடு வருமுன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டையும் தீர்ப்பாயம் பின்பற்ற வேண்டும் என்று அதன் சட்டமே கட்டளையிடுகிறது. 1996இல் வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில், தன் செயல் சுற்றுச்சூழலுக்குக் கேடற்றது என்று நிரூபிக்கும் சுமை தொழில் நடத்துபவர் மேல்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஒன்று கட்டணம், குறைந்தது 1,000 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணமே இல்லை.

மாமியாரைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். காலமெல்லாம் விறகடுப்பின் முன் உட்கார்ந்தவரின் இருமலில் மூட்டத்தின் பங்கைப் பிரித்துக் காட்டுவது கடினம். அவருக்காக இழப்பீடு கேட்பதை வழக்கின் மையமாக்காதீர்கள். மகளின் சீட்டுகளை முன்வையுங்கள். அடுப்பை மாற்றுவதை மட்டும் வழக்கு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். உஜ்வலா திட்டத்தில் உங்கள் பெயரில் இணைப்புக் கிடைக்குமா என்று எரிவாயு முகவரிடம் கேளுங்கள். அதுவரை அடுப்பைத் தாழ்வாரத்துக்கு மாற்றி, சமைக்கும்போது குழந்தையை எட்ட வைத்திருங்கள். மாற்றிய தேதியையும் நோட்டில் எழுதுங்கள். அதன் பிறகும் மூட்டம் எரியும் இரவுகளில் இளைப்பு வந்தால், அந்தப் பக்கமே உங்களுடைய முக்கிய ஆவணம்.

வக்கீல் கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. இராமநாதபுரம் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணையத்தில் ஒரு மனு கொடுங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் பேசுங்கள்.

கெடுவை மட்டும் தவறவிடாதீர்கள். இழப்பீடு கேட்க ஐந்தாண்டு அவகாசம் இருக்கிறது. ஆனால் மூட்டத்தை நிறுத்தும்படி தீர்ப்பாயத்தில் கேட்பதானால், பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கலாம். தை பிறந்ததும் முதல் மூட்டம் என்றால் ஆனிக் கடைசியில் ஆறு மாதம் முடிகிறது. கோட்டாட்சியரிடம் மனு நிலுவையில் இருப்பதால் இந்தக் கெடு நிற்காது. வைகாசிக்குள் அங்கே உத்தரவு வராவிட்டால், காத்திருக்காமல் தீர்ப்பாயத்துக்கான காகிதங்களைச் சட்ட உதவி வக்கீலிடம் ஒப்படைத்துவிடுங்கள்.