பாண்டியன் படைக்கு எத்தனை குதிரை கொடுக்கலாம்?

கேள்வி: 1290-களில் மதுரையில் நடக்கும் தொடர்கதை ஒன்றை எழுதி வருகிறேன். பாண்டியன் ஐம்பதாயிரம் குதிரை வீரர்களோடு போருக்குக் கிளம்புவதாக ஒரு காட்சி. படித்த நண்பர், "அத்தனை குதிரை எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டுவிட்டார். எத்தனை குதிரை வைத்தால் நம்பும்படி இருக்கும்? அந்தக் காலத்துக் குதிரைப்படை பற்றி வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: உங்கள் நண்பர் சரியான இடத்தில்தான் பிடித்திருக்கிறார். ஐம்பதாயிரத்தை இரண்டாயிரம், மூவாயிரம் என்று இறக்கிவிடுங்கள். ஆனால் எண்ணை மட்டும் மாற்றினால் போதாது. பாண்டிய நாட்டில் போர்க்குதிரை என்பது லாயத்தில் பெருகும் சொத்து இல்லை, வருடா வருடம் கடல் வழியாக வந்து, வருடா வருடம் தீர்ந்துபோகும் சரக்கு. இதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் கதையின் போரே வேறு மாதிரி ஆகிவிடும்.

நம் மண்ணில் நல்ல போர்க்குதிரை வளரவில்லை. வெக்கையும் ஈரமும் கலந்த பருவநிலை, சத்தான மேய்ச்சல் புல் இல்லாத குறை, இரண்டும் காரணம். சங்க காலத்திலேயே இந்த நிலைதான். காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் குவிந்திருந்த பொருள்களை வரிசைப்படுத்தும் பட்டினப்பாலை, "நீரின் வந்த நிமிர்பரிப் புரவி"யில்தான் தொடங்குகிறது. சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்து (இன்றைய கேரளப் பகுதி) குதிரைச் செட்டிகள், அதாவது குதிரை வணிகர்கள், வருகிறார்கள். மாணிக்கவாசகர் கதையை நினைத்துப் பாருங்கள்: குதிரை வாங்க வேண்டுமென்றால் பாண்டியன் அமைச்சரைப் பொன்னோடு கடற்கரைக்குத்தான் அனுப்புகிறான். புராணமாகவே இருந்தாலும், குதிரை எந்தத் திசையிலிருந்து வரும் என்பதில் அதற்குச் சந்தேகமே இல்லை.

உங்கள் காலத்துக்கு இரண்டு வெளிநாட்டுச் சாட்சிகள் இருக்கிறார்கள். ஒருவர் வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ. பாரசீக வளைகுடாவின் ஹோர்முஸ், கிஷ், அரபுக் கரையின் ஷிஹ்ர், தோஃபார், ஏடன் ஆகிய இடங்களின் வணிகர்கள் பாண்டியரின் காயல் துறைமுகத்தில் குதிரைகளை இறக்குவதாகவும், அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குவதாகவும், அவனுடைய நான்கு சகோதரர்களும் அதே அளவு வாங்குவதாகவும் எழுதுகிறார். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாதாம். இன்னொருவர் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். கிஷ் தீவின் அதிபர் ஜமாலுதீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்புவதாக ஒப்பந்தம், ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார் விலை, வழியில் கடலில் செத்தாலும் பணம் உண்டு என்கிறார். ஜமாலுதீனின் தம்பி தகியுத்தீன் பாண்டியன் அரசவையிலேயே பெரிய பதவியில் இருந்தார். விற்பவரின் தம்பி வாங்குபவரின் ஆலோசகர்! உங்கள் கதையில் இவருக்கு ஒரு அத்தியாயமாவது கொடுக்காமல் விட்டால் நான் வருத்தப்படுவேன்.

இருவர் சொல்லும் எண்களையும் அப்படியே நம்ப வேண்டாம். பயணிகளுக்கும் அரசவை எழுத்தாளர்களுக்கும் எண்ணைப் பெருக்குவதில் ஆசை அதிகம். 1311-இல் தில்லி சுல்தானின் தளபதி மாலிக் காஃபூர் தெற்கிலிருந்து கொண்டுபோன குதிரைகள் ஐயாயிரம் என்கிறார் தில்லி அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரு, வரலாற்றாசிரியர் பரணியோ இருபதாயிரம் என்கிறார். மொத்தப் பாண்டிய நாட்டுக்கும் சில ஆயிரங்கள், ஒரு இளவரசன் கையில் சில நூறுகள் என்று வைத்துக்கொண்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஏன் இத்தனை குதிரைகள் செத்தன? பராமரிக்கத் தெரியவில்லை என்று போலோவும் வஸ்ஸாஃபும் சாதிக்கிறார்கள். சோற்றோடு வேகவைத்த இறைச்சி கொடுக்கிறார்கள் என்கிறார் போலோ. நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்கவைத்து, பழக்காமலே ஏறி ஓட்டுகிறார்கள் என்கிறார் வஸ்ஸாஃப். லாடம் அடிப்பவர்களை இங்கே வரவிடாமல் வணிகர்களே தடுத்தார்கள் என்றும் போலோ சொல்கிறார். குதிரை சாகச் சாகத்தானே வியாபாரம்!

இனி போருக்கு வருவோம். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய குதிரையை யாரும் கண்டபடி களத்தில் இறக்க மாட்டார்கள். அது அரசனின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருக்கும் சிறு படை. பெரும் கூட்டம் ஈட்டியும் கேடயமும் ஏந்திய காலாட்கள்தான், கூடவே யானைகள். ஆகவே உங்கள் காட்சியில் குதிரைகள் ஒரு தீர்மானமான நேரத்தில், ஒரு பக்கத்தில் மட்டும் பாயட்டும்.

இதைவிட முக்கியம், எதிரி எங்கே அடிப்பான் என்பது. லாயத்துக்குத் தீ வைப்பதெல்லாம் சினிமா. காயல் துறைமுகத்தை மடக்கினால் அடுத்த ஆண்டுப் போருக்குக் குதிரையே இருக்காது. இதைச் செயலில் காட்டியவர்கள் பின்னால் வந்த போர்ச்சுகீசியர். 1510-இல் கோவாவையும் 1515-இல் ஹோர்முஸையும் பிடித்து, குதிரை ஏறும் இடம், இறங்கும் இடம் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டார்கள். தக்காணத்தில் யார் குதிரைப்படை வைத்துக்கொள்ளலாம் என்பதில் அவர்களுக்கும் ஒரு குரல் கிடைத்தது. கோவாவில் இறங்கும் குதிரைகள் விஜயநகரத்துக்கு மட்டும், பீஜப்பூருக்கு இல்லை என்று 1547-இல் உடன்படிக்கையே போட்டார்கள். அதற்கு முன்பே விஜயநகர மன்னன் சாளுவ நரசிம்மன், கடலில் செத்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினாலும் பணம் கொடுத்ததாகப் போர்ச்சுகீசிய வணிகர் நூனிஸ் எழுதியிருக்கிறார். பைத்தியக்காரத்தனம் போலத் தெரியும். ஆனால் வணிகன் அடுத்த முறை எதிரியின் துறைமுகத்துக்குப் போய்விடாமல் இருக்கக் கொடுத்த விலை அது என்றுதான் நான் படிக்கிறேன்.

தில்லி சுல்தான்களின் நிலைமை வேறு. மத்திய ஆசியக் குதிரைகள் கைபர் கணவாய் வழியாகத் தரையிலேயே வந்து சேரும். 1299-இல் குஜராத்தைப் பிடித்த பிறகு காம்பே துறைமுகமும் கைக்கு வந்தது. அதனால் அவர்களுக்குக் குதிரைதான் படையின் முதுகெலும்பு, வேகம்தான் உத்தி. 1311-இல் மாலிக் காஃபூர் அத்தனை தூரம் அத்தனை விரைவாக வந்து போனது அதனால்தான். அந்தத் தளபதியே காம்பேயில் ஒரு வணிகரின் அடிமையாக இருந்து, அந்தக் குஜராத் படையெடுப்பில் பிடிபட்டவர்! உங்கள் கதை 1311 வரை நீளும் என்றால், கடல் வழிக் குதிரையும் தரை வழிக் குதிரையும் மோதுவதாகவே அதைக் கட்டலாம்.

சில சில்லறை விஷயங்கள். அக்காலத்து மூத்த மன்னன் மாறவர்மன் குலசேகரன். போலோ சுந்தர பாண்டியன் பெயரைச் சொல்வதால் குழம்பிவிடாதீர்கள், ஒரே நேரத்தில் பலர் ஆண்ட நாடு அது. ஹோர்முஸ் கப்பல்களை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருப்பார்கள். சரக்கின் மேல் தோலைப் பரப்பி, அதன் மேல் குதிரைகளை நிறுத்துவார்கள். ஆனி, ஆடியில் கப்பல் வந்து இறங்குவதாக எழுதாதீர்கள், தென்மேற்குப் பருவக்காற்று உச்சத்தில் இருக்கும் நேரம் அது.

நேரில் பார்க்க வேண்டுமானால் முதலில் ஆவுடையார்கோயிலுக்குப் போங்கள், அங்கே குதிரைச் சிற்பங்களை நின்று நிதானமாகப் பாருங்கள். அப்புறம் தூத்துக்குடிக்குத் தெற்கே பழையகாயல். போலோ சொன்ன காயல் இதுதான் என்று கால்டுவெல் அடையாளம் காட்டினார், சீன, அரபுப் பானை ஓடுகளும் அங்கே கிடைத்தன. தாமிரபரணி வண்டல் சேர்த்துச் சேர்த்துக் கடலைத் தள்ளிவிட்டதால் இன்று ஊர் கரையிலிருந்து உள்ளே இருக்கிறது. உங்கள் கதையில் மட்டும் அலைச் சத்தம் ஊருக்குள் கேட்கட்டும்.