அலைன்மென்ட் பார்த்தும் வண்டி இழுக்கிறதே?

கேள்வி: ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிச் செல்லும் என் பிக்கப் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. பாரம் ஏற்றினால் இழுப்பு கூடுகிறது. இரண்டு முறை அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்த்தல்) பார்த்தும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: மூன்றாம் முறையும் அலைன்மென்ட்டுக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள். மழைநீர் வடிவதற்காக நம் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால், வண்டி சிறிதளவு இடப்பக்கம் ஒதுங்குவது இயல்பே; ஆகவே முதலில், டயர்கள் ஆறியிருக்கும்போது முன் டயர்களின் காற்றைச் சமமாக்கி, சமதளத்தில் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் இழுத்தால் முன் டயர்களைப் பக்கம் மாற்றிப் பூட்டுங்கள். இழுப்பு வலப்பக்கம் மாறினால் குற்றம் டயருடையது.

மாறாவிட்டால், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் 10 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, முன் சக்கரங்களின் அருகே புறங்கையைக் கொண்டு செல்லுங்கள், தொட வேண்டாம். இடச் சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால், பிரேக் முழுமையாக விடுபடாமல் உரசுகிறது என்று பொருள். பெரும்பாலும், பிரேக் பேடுகளை அழுத்தும் காலிப்பர் நகர உதவும் ‘ஸ்லைடு பின்’ என்ற கம்பி துருவேறி இறுகியிருக்கும். அதைக் கழற்றித் துடைத்து, உரிய கிரீஸ் இட்டால் சரியாகிவிடும்.

பாரம் ஏற்றினால் இழுப்பு கூடுகிறது என்பதால், என் ஐயம் பின் அச்சின் மீதுதான். அச்சை ஸ்பிரிங்கோடு சேர்த்து இறுக்கும் யூ போல்ட் தளர்ந்து, ஸ்பிரிங் பட்டைகளைக் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் முறிந்துவிட்டால், அச்சு ஒரு பக்கம் நகர்ந்துவிடும். முன் சக்கரங்களை மட்டும் அளப்பவருக்கு இது தெரியாது. ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இருபுறமும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். தெளிவான வேறுபாடு இருந்தால், போல்ட்டை மாற்றும் வரை பாரம் ஏற்றாதீர்கள்.