மத நிந்தனைச் சட்டத்தை எடுத்துவிட்டால் மதங்களுக்கு யார் பாதுகாப்பு?

நானும் சாமி கும்பிடுகிறவன்தான். நான் வணங்கும் தெய்வத்தை ஒருவர் கேவலமாகப் பேசினால் எனக்கும் வலிக்கும். இருந்தாலும் இந்தச் சட்டங்கள் போகவேண்டும் என்றே சொல்வேன். இவற்றிடம் அதிகம் அடிபடுகிறவர்கள் சிறுபான்மையாக இருக்கிற பக்தர்கள்தான்.

பாகிஸ்தானை எடுத்துக்கொள்ளுங்கள். ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் காலத்தில், 1986-ல், தண்டனைச் சட்டத்தில் 295-சி என்ற பிரிவு சேர்ந்தது. நபிகளை அவமதித்தால் மரண தண்டனை வரை உண்டு. மறைமுகமாகச் சொன்னாலும் குற்றம்; அவமதிக்கும் நோக்கம் இருந்ததா என்ற கேள்வியே அந்தப் பிரிவில் இல்லை. அதற்கு 2 ஆண்டுகள் முன்பே இன்னொரு அவசரச் சட்டம் வந்திருந்தது. அஹ்மதியாக்கள் தங்களை முஸ்லிம் என்றே கருதுகிறவர்கள், ஆனால் பாகிஸ்தான் சட்டம் அவர்களை முஸ்லிமாக ஏற்பதில்லை. அந்த அவசரச் சட்டப்படி அஹ்மதியா ஒருவர் தன்னை முஸ்லிம் என்று சொன்னால், தன் தொழுகை இடத்தைப் பள்ளிவாசல் என்று அழைத்தால், 3 ஆண்டு வரை சிறை. தன் மதத்தின் பெயரைத் தானே சொல்லக்கூடாது என்றால் மத சுதந்திரம் எங்கே இருக்கிறது?

ஆசியா பீபி பஞ்சாப் கிராமத்தில் பழம் பறிக்கும் கூலி வேலை செய்த கிறிஸ்தவப் பெண். 2009-ல் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தொட்டதில் கூட வேலை செய்த பெண்களோடு வாய்த்தகராறு. பிறகு நபிகளை இழிவாகப் பேசினார் என்று புகார். 2010-ல் தூக்குத் தண்டனை. அவருக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீரை 2011 ஜனவரியில் அவருடைய மெய்க்காப்பாளனே சுட்டுக் கொன்றான். இரண்டே மாதத்தில் சிறுபான்மையினர் துறை அமைச்சர் ஷாபாஸ் பட்டியும் கொல்லப்பட்டார். சாட்சிகள் ஒருவருக்கொருவர் முரணாகப் பேசியிருக்கிறார்கள் என்று உச்ச நீதிமன்றம் ஆசியாவை விடுவித்தது 2018 அக்டோபரில். அதுவரை சிறை. விடுதலைக்குப் பிறகும் சொந்த நாட்டில் வாழ முடியாமல் கனடா போனார்.

சட்டம் இருந்தால் கூட்டம் சட்டத்தைக் கையில் எடுக்காது என்று சிலர் வாதிடுவார்கள். 2021 டிசம்பரில் சியால்கோட்டில், மத வாசகம் இருந்த சுவரொட்டியைக் கிழித்தார் என்று சொல்லி, இலங்கையைச் சேர்ந்த தொழிற்சாலை மேலாளரை அடித்துக் கொன்று எரித்தார்கள். அப்போதும் 295-சி அமலில்தான் இருந்தது.

மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கும் நம்முடைய 295-ஏ பிரிவும் 1927-ல் அப்படி ஒரு வாதத்தில்தான் பிறந்தது. நபிகளைப் பற்றிய ஒரு பிரசுரத்தின் பதிப்பாளரை லாகூர் உயர் நீதிமன்றம் விடுவித்தது. கொந்தளிப்பை அடக்க ஆங்கிலேய அரசு புதுப் பிரிவு சேர்த்தது. அந்தப் பதிப்பாளர் 1929-ல் எப்படியும் கொல்லப்பட்டார். பிரிவு மட்டும் இரண்டு நாடுகளிலும் தங்கிவிட்டது. இந்தியாவில் 2024 ஜூலை முதல் அது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-வது பிரிவு. வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு செய்ததாக நிரூபிக்க வேண்டும் என்பது நமக்குள்ள நிம்மதி. ஆனால் நிரூபணம் நீதிமன்றத்தில். கைதுக்கு ஒரு புகார் போதும்.

அயர்லாந்து கத்தோலிக்கர்கள் நிறைந்த நாடு. 2018-ல் பொது வாக்கெடுப்பு நடத்தி, தெய்வ நிந்தனையைக் குற்றமாக்கும் வார்த்தையை அரசியலமைப்பிலிருந்து நீக்கினார்கள். தேவாலயங்களில் பூசை தடையில்லாமல் நடக்கிறது.

மனிதர்கள் மீது வன்முறையைத் தூண்டுவது வேறு. ஒரு மதத்தாரை வெட்டு, கொளுத்து என்று பேசுகிறவனைச் சிறையில் போடுவதற்கான சட்டம் கட்டாயம் வேண்டும், அது எல்லா மதத்தாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யவும் வேண்டும். 299 போனாலும் அதற்கான பிரிவுகள் நம்மிடம் மிஞ்சும்.