வாசகர் கேள்வி: நியூமன் என்ற பெயரில் இரண்டு புனிதர்களா?

கேள்வி: கர்தினால் நியூமனும், குடியேறிகளின் பங்குத் தந்தை என்று சொல்லப்படும் புனித ஜான் நியூமனும் ஒருவரா? வேற்று மொழி பேசும் மக்களிடையே அவர் எப்படிப் பணியாற்றினார்?

பதில்: இருவரும் வேறு வேறானவர்கள். கர்தினால் ஜான் ஹென்றி நியூமன் இங்கிலாந்தைச் சேர்ந்தவர். 2019இல் புனிதர் பட்டம் பெற்றார். நீங்கள் குறிப்பிடும் ஜான் நியூமன் 1811இல் பொகேமியாவில், இன்றைய செக் நாட்டில், பிறந்தவர். குருத்துவப் படிப்பை முடித்தபோது அவருடைய மறைமாவட்டத்தில் போதுமான குருக்கள் இருந்ததால் அவருடைய குருப்பட்டம் தள்ளிப்போடப்பட்டது. ஆகவே 1836இல் நியூயார்க்கிற்குக் கப்பலேறி, அந்த ஆண்டு ஜூன் மாதமே அங்குக் குருவானார்.

அவருக்குக் கிடைத்த பங்கு, அதாவது ஒரு குருவின் பொறுப்பில் விடப்படும் பகுதி, பஃபலோ நகரை அடுத்து, ஜெர்மானியக் குடியேறிகள் காடு திருத்திக் குடியிருந்த சிற்றூர்கள். வில்லியம்ஸ்வில்லில் கோவிலுக்குச் சுவர் எழும்பியிருந்தது, கூரை இல்லை. திருப்பலிக்கு வேண்டிய பொருள்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக நடந்தார். பிள்ளைகளுக்குத் தாமே பாடம் நடத்தினார். நான்கே ஆண்டுகளில் உடல் தளர்ந்தது. 1840இல் ரெடெம்ப்டோரிஸ்ட் துறவற சபையில் சேர்ந்தார். 1852இல் பிலடெல்பியாவின் ஆயர் (பிஷப்) ஆனார்.

பல ஐரோப்பிய மொழிகளை அறிந்திருந்த அவர், ஆயரான பிறகும் ஐரிஷ் மொழியைக் கற்றார். பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் ஆங்கிலம் அறியாத ஐரிஷ் மக்களின் பாவசங்கீர்த்தனத்தை, அதாவது குருவிடம் செய்யும் பாவ அறிக்கையை, கேட்பதே அதன் நோக்கம். மொழிபெயர்ப்பாளரின் துணையோடு பாவசங்கீர்த்தனம் செய்யத் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் தன் பாவத்தை மூன்றாம் ஆள் காதில் போட எந்த மனம் எளிதில் துணியும்? அந்தக் கூச்சத்தை உணர்ந்து தாமே மொழி கற்ற அந்தச் செயலில்தான் நான் அவருடைய பங்குப் பணியின் உயிரைக் காண்கிறேன். இத்தாலியக் குடியேறிகளைத் தம் சிற்றாலயத்தில் கூட்டி அவர்களுடைய மொழியிலேயே மறையுரை ஆற்றியதோடு, மெதடிஸ்ட் சபையாரின் பழைய கோவில் ஒன்றை வாங்கி, அமெரிக்காவில் இத்தாலியருக்கென அமைந்த முதல் பங்கையும் தொடங்கினார்.

1860 சனவரி 5 அன்று, 48ஆம் வயதில், பிலடெல்பியாவின் தெருவொன்றில் மயங்கி விழுந்து இறந்தார். 1977இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைப் புனிதராக அறிவித்தார். ஆயராக இருந்தும், பேராலயத்தில் அல்லாமல், அவர் விரும்பியபடியே, ஜெர்மானியக் குடியேறிகளின் பங்குக் கோவிலான புனித பேதுரு ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.