நூலக வகுப்பில் தள்ளுமுள்ளு

கேள்வி: தொடக்கப் பள்ளி நூலகப் பொறுப்பு இந்த ஆண்டு என்னிடம் வந்திருக்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் ஒரு பாடவேளை, 40 நிமிடம். 35 பிள்ளைகளும் அலமாரியை மொய்த்துக்கொள்கிறார்கள். எடுத்த புத்தகத்தை எங்கேயோ செருகுகிறார்கள். பலர் படத்தை மட்டும் புரட்டிவிட்டு வைத்துவிடுகிறார்கள். பதிவேட்டில் எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. என்னென்ன செயல்பாடுகள் செய்யலாம்?

பதில்: செயல்பாடுகள் இருக்கட்டும், முதலில் அந்தக் கூட்டத்தைக் கலையுங்கள். அலமாரிக்கு முன்னால் ஒரே சமயத்தில் நிற்கக்கூடியவர்கள் எட்டுப் பத்துப் பேர்தான். பின்னால் நிற்பவர்களுக்குப் புத்தகமே தெரியாது. இடம் கிடைத்ததும் கைக்கு அகப்பட்டதை உருவுவார்கள், பிடிக்காவிட்டால் அகப்பட்ட இடத்தில் செருகுவார்கள். இதைக் குறும்பு என்று சொல்ல முடியாது.

படக்கதைப் புத்தகங்களை அலமாரியிலிருந்து வெளியே எடுங்கள். ஒரு கூடைக்கு 20 புத்தகம் வீதம், அட்டை பிள்ளைகளைப் பார்த்திருக்கும்படி நிறுத்தி, அறையின் நான்கு மூலைகளிலும் வையுங்கள். மெல்லிய புத்தகங்களை நெருக்கி அடுக்கினால் வெறும் விளிம்புதான் தெரியும். சிறு பிள்ளைகள் அட்டையைப் பார்த்துத்தான் புத்தகம் தேர்ந்தெடுக்கிறார்கள். கூடையை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள். புரட்ட இடமில்லாவிட்டால் முன்னால் இருக்கும் நாலு புத்தகங்கள்தான் சுற்றிச் சுற்றி வரும்.

அலமாரிப் புத்தகங்களுக்கு ‘இட அட்டை’ வேண்டும். 30 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலத்தில் கெட்டி அட்டை, ஒவ்வொன்றிலும் ஓர் எண். புத்தகத்தை உருவும் முன் அந்த இடத்தில் அட்டையைச் செருக வேண்டும். வேண்டாமென்றால் அட்டை இருக்கும் இடத்திலேயே புத்தகம் திரும்பிப் போகும். பாதி நீளம் போதுமே என்று சிக்கனம் பார்த்தால் அட்டை புத்தகங்களுக்குள் மறைந்துவிடும். நோட்டு அட்டை போல மெலிதாக இருந்தால் ஒரே மாதத்தில் மடங்கிவிடும். பத்து அட்டை போதும். அட்டை கையில் இருப்பவர் மட்டுமே அலமாரிக்குப் போகலாம் என்று வைத்துக்கொண்டால் கூட்டமும் தானாகக் குறையும்.

பதிவேட்டு வரிசையையும் ஒழித்துவிடலாம். நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலகத்துக்கான ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்திலும் ஒரு காகிதப் பை ஒட்டி, அதில் புத்தகத்தின் பெயரும் எண்ணும் எழுதிய அட்டையை வையுங்கள். எடுத்துப் போகும் பிள்ளை அட்டையில் தன் பெயரை எழுதி வகுப்புப் பெட்டியில் போட வேண்டும். ஒன்றாம் வகுப்பென்றால் வருகைப் பதிவு எண் போதும். திரும்பி வரும் புத்தகங்களை வகுப்புத் தலைவர் காலையிலேயே சேகரித்து உங்களிடம் கொடுத்துவிடட்டும். அப்போது 40 நிமிடத்தில் 12 நிமிடம் கதை வாசிக்க, 15 நிமிடம் புத்தகம் தேர்ந்தெடுக்க, மீதி அமர்ந்து படிக்க என்று கணக்கு சரியாக வரும். கதை 20 நிமிடத்துக்கு இழுத்தால் பலியாவது புத்தகம் எடுக்கும் நேரம்தான். நூலக வகுப்பில் வேறு எதை விட்டாலும் அதை விடக் கூடாது.

கதையை முன்கூட்டியே இரண்டு முறை படித்து, நிறுத்த வேண்டிய மூன்று இடங்களில் சீட்டு வையுங்கள். புத்தகத்தைத் தோள் உயரத்தில் பக்கவாட்டில் பிடியுங்கள். கடைசி வரிசைக்குப் படம் தெரியாத அளவு சிறிய புத்தகமென்றால் வேண்டாம். மழையில் நனைந்தபடி மூடிய கதவருகே ஒரு நாய் படுத்திருக்கும் படம் வருகிறது என்று வையுங்கள். “என்ன தெரிகிறது?” என்று கேளுங்கள். “நாய் சோகமாக இருக்கிறது” என்று பதில் வரும். “எதைப் பார்த்துச் சொல்கிறாய்?” என்று கேட்டால்தான் காது தொங்குவதையும், கதவுக்குப் பின்னால் விளக்கு எரிவதையும் கவனிப்பார்கள். கேட்ட பிறகு மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். உடனே நீங்களே பதில் சொன்னால் கை தூக்கும் அதே நாலு பேர்தான் பேசுவார்கள். கதையின் நீதி என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். அது கதையைப் பரீட்சையாக்கிவிடும். முடிந்ததும், அந்தப் புத்தகத்துக்குச் சண்டை வராமலிருக்க, அதே விஷயத்தில் வேறு மூன்று புத்தகங்களைக் காட்டிவிடுங்கள்.

படம் மட்டும் பார்க்கும் பிள்ளைகளைப் பற்றி: ஒன்று, இரண்டாம் வகுப்பில் அதுவும் வாசிப்புதான், விட்டுவிடுங்கள். மூன்றாம் வகுப்புக்கு மேல் ஐந்து விரல் சோதனை சொல்லிக்கொடுங்கள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படிக்க வேண்டும். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரல். இரண்டு, மூன்று விரல் என்றால் சரியான புத்தகம். ஐந்தும் மடங்கினால் தனியாகப் படிக்கக் கடினம். பக்கத்தில் ஐம்பது சொல்லாவது இருந்தால்தான் இந்தச் சோதனைக்கு அர்த்தம் உண்டு. டைனோசர் மேல் பைத்தியமாக இருக்கும் பிள்ளையிடமிருந்து கனமான புத்தகத்தைப் பிடுங்காதீர்கள், கூட ஒரு எளிய புத்தகமும் கொடுத்து அனுப்புங்கள்.

இப்போது செயல்பாடுகள். நான்கு, ஐந்தாம் வகுப்புக்குத் தகவல் வேட்டை நன்றாகப் பிடிக்கும். எட்டுக் கேள்விச் சீட்டுகள், ஒவ்வொன்றுக்கும் விடை வெவ்வேறு புத்தகத்தில். எல்லாம் ஒரே புத்தகத்தில் இருந்தால் பழைய தள்ளுமுள்ளு திரும்பிவிடும். விடையோடு புத்தகத்தின் பெயரும் பக்க எண்ணும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் தெரிந்ததை வைத்து எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பொருளடக்கம் பார்க்கும் பழக்கம் இதில்தான் வரும். புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டியூயி தசம வகைப்பாட்டில் 500 அறிவியல், 590 விலங்குகள் என்பதையும் இந்த வயதில் காட்டலாம். ஆனால் புள்ளிக்குப் பிறகு வரும் எண்கள் வேண்டாம். தசமம் சரியாகப் படியாத பிள்ளை 598.12-ஐ 598.9-க்குப் பிறகுதான் வைக்கும். சிறு வகுப்புகளுக்கு வகைக்கு ஒரு நிறமாகப் புத்தகத்தில் ஒட்டும் பொட்டுகள் போதும், அதுவும் எட்டுக்கு மேல் போகாமல்.

புத்தக முதுகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தலைப்புகளால் கவிதை செய்வதும் குதூகலமானது, ஆனால் ஸ்டேப்ளர் பின் அடித்த மெல்லிய புத்தகங்களுக்கு முதுகில் தலைப்பே இருக்காது என்பதால் அட்டைகளை வரிசையாகப் பரப்பிச் செய்யுங்கள்.

கிழிந்த பக்கங்களுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள். நாளடைவில் பழுப்பேறி, பசை கசிந்து பக்கத்துத் தாளையும் பிடித்துக்கொள்ளும். கழன்ற தாளின் உள்விளிம்பில் 3 மி.மீ. அளவுக்கு வெள்ளைப் பசையை மெலிதாகத் தடவி, இருபுறமும் மெழுகுத்தாள் வைத்து, ஓர் இரவு கனத்தின் கீழ் வைத்தால் போதும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரை உட்கார வைத்தால் அழகாகச் செய்வார்கள்.

அதிகப் புத்தகம் படித்தவருக்குப் பரிசு என்று மட்டும் அறிவித்துவிடாதீர்கள். மறுநாளே மெலிதான புத்தகங்களாகத் தேடுவார்கள். அதற்குப் பதில் வாரம் ஒருவர் எழுந்து, தான் படித்ததைப் பற்றி ஒரு நிமிடம் பேசட்டும், முடிவைச் சொல்லாமல். யார் யாருக்கு அந்தப் புத்தகம் வேண்டுமென்று கேட்டு, முதல் மூன்று பெயர்களை ஒரு சீட்டில் எழுதி அந்தப் புத்தகத்தின் பின்னட்டைப் பையில் செருகிவிடுங்கள்.